பழைய ராக்‌ஷாக்ஸ் ஜூடி (மலைச் சைக்கிளின் முன் சஸ்பென்ஷன்) ஃபோர்க்: எலாஸ்டோமர் (வில்லுக்குப் பதிலான ரப்பர் போன்ற துண்டுகள்) பொடிந்துவிட்டது, பாகங்கள் இல்லை, மீட்க முடியுமா?

கிரவுன்ரேஸ்:
90களின் நடுவில் வந்த ஜூடி எக்ஸ்சி. இரண்டு காலிலும் எலாஸ்டோமர் பிசுபிசுத்துப் பொடியாகிக் கிடக்கிறது. ஒரு பக்க மேல்மூடி இல்லை. இடது காலின் அடி போல்ட்டும் இல்லை. கார்ட்ரிட்ஜ் (இடது காலுக்குள் இருக்கும் எண்ணெய் அதிர்வடக்கி) தண்டு தடையே இல்லாமல் போய்வருகிறது, வெளியே எண்ணெய்க் கசிவு. பயணம் (ஃபோர்க் அமுங்கும் தூரம்) 60 மி.மீ., ஓட்டுபவர் எடை 75 கிலோ. எலாஸ்டோமருக்குப் பதில் சுருள்வில் போடலாமா?

லேத்பட்டறை:
போடலாம். ஆனால் செலவு செய்யும் முன் லோயரை (சக்கரம் மாட்டும் கீழ்க்கால்கள்) பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். புஷ்ஷில் (குழாய்கள் சறுக்கும் உள்வளையம்) 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தாலோ, இரு லோயர்களையும் இணைக்கும் பிரேக் வளைவில் விரிசல் தெரிந்தாலோ, கிரவுனும் (கால்களை மேலே இணைக்கும் பாகம்) ஹேண்டில்பாருக்குப் போகும் ஸ்டியரர் குழாயும் சேரும் இடத்தில் கிரீச் சத்தம் வந்தாலோ ஃபோர்க்கை ஓட்டாமல் சுவரில் மாட்டிவிடுங்கள்.

வலது காலின் அடி போல்ட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, அதன் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் தண்டு விடுபடும். போல்ட்டோடு தண்டும் சுற்றினால் மேலிருந்து ஒரு மரக்குச்சியை விட்டு அழுத்திப் பிடியுங்கள். பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பாட்டில் பிரஷ்ஷும் எடுத்துவிடும். அசிட்டோன் பெயிண்ட்டைத் தின்னும்.

வில் கணக்கு: முன்சக்கரத்துக்குச் சுமார் 30 கிலோ வரும். 15 மி.மீ. சாக் (ஏறி உட்கார்ந்ததும் அமுங்கும் அளவு), 5 மி.மீ. முன்னழுத்தம் (பொருத்தும்போதே வில்லை அமுக்கும் அளவு) வைத்தால் 30 ÷ 20 = மி.மீ.க்கு 1.5 கிலோ. இரண்டு காலுக்கும் பிரித்தால் காலுக்கு 0.75. 3 மி.மீ. சிலிக்கான் குரோம் கம்பி, வெளிவிட்டம் 22, வேலை செய்யும் சுற்று 16 என்றால் கிட்டத்தட்ட அது கிடைக்கும். குழாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, வில் அதைவிட 1 மி.மீ.யாவது சிறிதாக இருக்கட்டும்.

பலரும் தவறுவது வில் முழுதாக நெருங்கும் நீளத்தில். முனைச் சுற்று இரண்டும் சேர்த்து மொத்தம் 18 சுற்று × 3 = 54 மி.மீ. வில்லின் நீளம் 150 என்றால் 96 மி.மீ. இடம், முன்னழுத்தம் போக 91. உங்கள் 60க்குத் தாராளம். இந்தக் கணக்கு இடித்தால் பயணம் முடியும் முன்பே சுற்றோடு சுற்று மோதி, அதிர்ச்சி முழுவதும் மேல்மூடியின் மரையில் விழும். குழாயில் மிஞ்சும் நீளத்துக்கு டெல்ரின் (கடினப் பிளாஸ்டிக்) துண்டு போடுங்கள்.

சர்க்கிளிப்:
மேல்மூடிக்கு இருக்கிற இன்னொன்றே மாதிரி. மரைக் கேஜ் வைத்துப் பார்த்து 6061 அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வில் அழுத்தத்தில் மரை வழுக்கும். ஓ-ரிங் பள்ளத்தை மறக்க வேண்டாம்.

இடது அடி போல்ட்டுக்கு ஏதோ ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். அது நடுவில் துளையுள்ளது, டேம்பிங் (அதிர்வடக்கம்) கூட்டிக் குறைக்கும் திருகுக்கு ஆலன் கீ அதன் வழியாகத்தான் போகும். வலது பக்கத்ததைப் பார்த்து மரையை எடுத்து, துளை போட்டுக்கொள்ளலாம். முறுக்கு சுமார் 7 நியூட்டன் மீட்டர் போதும். லோயர் மெக்னீசியம், அதிகம் இறுக்கினால் உட்காரும் இடம் நசுங்கும்.

கார்ட்ரிட்ஜ் மேல்குழாயின் கீழ்வாயில் சர்க்கிளிப்பில் (பள்ளத்தில் பொருந்தும் வில் வளையம்) நிற்கிறது. சீல் மாற்றி 5 வெயிட் (மெல்லிய) ஃபோர்க் எண்ணெய் விட்டு, தண்டை மெதுவாக இழுத்துத் தள்ளிக் குமிழ் நின்ற பிறகு மூடுங்கள். தொடக்ககால ஜூடிகளில் கார்ட்ரிட்ஜ் உடல் பிளாஸ்டிக். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் சீல் மாற்றிப் பயனில்லை. அலுமினிய மாற்று தேடுங்கள்.

கிரவுன்ரேஸ்:
லோயருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றலாமா?

லேத்பட்டறை:
கூடாது. எண்ணெய்க் குளியல் மார்சோக்கி பாம்பர் என்ற வேறு ஃபோர்க்கின் வழி. ஜூடியில் புஷ்ஷுக்கு டெஃப்லான் கிரீஸ் மட்டும்தான், ஊற்றினால் அடி போல்ட் வழியே வடியும். வலது தண்டில் மேலே இடிக்காமல் தாங்கும் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் பொடிந்திருந்தால் ஃபோர்க் நீளும்போதெல்லாம் உலோகத்தில் உலோகம் அடிக்கும்.