தமிழ்ப் பக்கத்தை என்விடிஏ வாசிக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

பினாங்கு வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தமிழிலும் மலாயிலும் ஒரு சின்ன வெப்சைட் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவருக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் எல்லாம் படிக்கிறார். மலாய் நன்றாகக் கேட்கிறதாம். தமிழ் வந்தால் சில இடத்தில் சத்தமே இல்லை, பழைய இதழ்களின் பிடிஎஃப்பில் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகள். நிகழ்ச்சி அறிவிப்பெல்லாம் போஸ்டர்தான். பக்கத்தின் மூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று (ஓகேயூ) பட்டன் ஒன்று வருமே, அதை வாங்கிப் போட்டால் போதுமா?

கேஎல் வெப்காரன்:
அந்தப் பட்டனுக்குக் காசு கொடுக்காதீர்கள் அக்கா. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை. போஸ்டர் வெறும் படம். தேதி, நேரம், இடம், பேச்சாளர் எல்லாவற்றையும் அதற்குக் கீழே டைப் செய்துவிடுங்கள், படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் ஆல்ட் வரியில் "நிகழ்ச்சி போஸ்டர், விவரம் கீழே" என்று இருந்தால் போதும். பழைய பிடிஎஃப், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், என்விடிஏ அதை அப்படியே வாசிக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, வெப் பக்கமாகவே போடுங்கள். அப்புறம் பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில், எந்த மொழி என்று சொல்லும் லாங் குறியைப் பாருங்கள், பக்கம் முழுக்க மலாய் என்று இருந்தால் தமிழ்ப் பகுதிக்குத் தனியாக 'டிஏ' கொடுக்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நேயர்:
எனக்கும் பார்வை இல்லை, தினமும் என்விடிஏதான். லாங் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் அவர் வைத்திருக்கும் குரலுக்குத் தமிழ் தெரியாது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்குக்கு மாறச் சொல்லுங்கள், இயந்திரக் குரல்தான், ஆனால் தமிழ் படிக்கும். இன்னொன்று, பதிவுப் படிவம். பெட்டிக்குள் மங்கலாக "பெயர்" என்று எழுதிவிட்டு லேபிள் வைக்காமல் விடுகிறார்கள், எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்று நான் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மவுஸைத் தொடாமல் டாப் விசையால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள், பாதி கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு ஓகேயூ சட்டம் 30ஆம் பிரிவில் தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குச் சமமாக எங்களுக்கும் கிடைக்கும் உரிமையைச் சொல்கிறது. உதவியாக நினைத்துச் செய்யாதீர்கள், அது எங்களுக்கு வர வேண்டியது.

பினாங்கு வாசகி:
நன்றி இருவருக்கும். போஸ்டர் விவரங்களை இன்றே டைப் செய்கிறேன், படிவத்தையும் பார்க்கிறேன். பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது?

பிரிக்ஃபீல்ட்ஸ் நேயர்:
எந்த இதழைப் படிக்க ஆசை என்று அவரிடமே கேளுங்கள், அதை முதலில் மாற்றுங்கள்.