ஃபால்ஸ் சீலிங்கை ‘விதானம்’ என்று எழுதலாமா?

கேள்வி:
வீட்டின் உள் அலங்காரம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் சீலிங்கிற்குச் சொல் தேடியபோதுதான் தடுமாறினேன். ‘கூரை’ என்றால் மழை விழும் ஓடுதான் கண்முன் வருகிறது. ஃபால்ஸ் சீலிங்கைச் சிலர் ‘பொய்க் கூரை’ என்று எழுதுகிறார்கள்; அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘விதானம்’ பொருந்துமா, அல்லது அது கோயிலுக்கும் தேருக்கும் மட்டும் உரிய சொல்லா?

முதல் பதில்:
தயங்காமல் எழுதுங்கள். விதானம் வடமொழியிலிருந்து வந்த சொல். விரித்துக் கட்டப்பட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். அகராதிகள் ‘மேற்கட்டி’ என்று விளக்கம் தருகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மணம் புரியும் இடம் ‘நீல விதானத்து நித்திலப்பூம் பந்தர்’ எனப்படுகிறது. திருப்பாவையின் 26ஆம் பாட்டில் ஆண்டாள் கேட்கும் பொருள்களுள் விளக்கு, கொடி ஆகியவற்றோடு விதானமும் ஒன்று. இவ்விரு இடங்களிலும் அது மழையைத் தடுக்கும் கூரையன்று. தலைக்கு மேலே அழகுக்காகவும் சிறப்புக்காகவும் கட்டப்படுவது. அலங்காரச் சொல்லாகவே பிறந்த ஒன்றை அலங்காரக் கையேட்டில் பயன்படுத்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ‘பொய்’ என்ற அடைமொழியோ அந்த வேலையையே இழிவுபடுத்துகிறது.

இரண்டாம் பதில்:
நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் சீலிங், ஃபால்ஸ் சீலிங் என்றுதான் பேசிக்கொள்கிறோம். ஆகவே முதல் முறை எழுதும்போது அந்தப் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். கான்கிரீட் தளத்திலிருந்து இரும்புப் பட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் சட்டம் கட்டி, பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜிப்சம் பலகைகளைத் திருகாணியால் பொருத்துகிறோம் என்பதால், ‘தொங்கு விதானம்’ என்றால் செய்முறையே பெயரில் வந்துவிடும். மேலே இருக்கும் தளத்துக்கும் கீழே தொங்கும் பரப்புக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் தேவை. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. குளிரூட்டிய அறையில் ஃபால்ஸ் சீலிங்கின் அடிப்பரப்பு வரை 2.4 மீட்டர் இருந்தால் போதும் என்கிறது. வெறுமனே ‘அறையின் உயரம்’ என்று எழுதினால் எதுவரை அளப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது. மின்விசிறியின் தண்டு நீளத்தைக்கூடத் தவறாக வாங்கிவிடுவார்.

மூன்றாம் பதில்:
யாழ்ப்பாணத்தில் மங்கல வீடுகளிலும் இழவு வீடுகளிலும் தலைக்கு மேலே வெள்ளைத் துணி விரித்துக் கட்டும் வழக்கம் உண்டு. அதை ‘வெள்ளை கட்டுதல்’ என்போம். சொல் வேறானாலும் பொருள் அதுவே. எனவே கையேட்டில் ஜிப்சத்தோடு நிறுத்தாமல், துணியால் கட்டும் விதானத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மேலே இருப்பதைத் ‘தளத்தின் அடிப்பரப்பு’ என்றும், கீழே இருப்பதைத் ‘தொங்கு விதானம்’ என்றும் எழுதுகிறேன். உயரம் வரும் இடமெல்லாம் எதுவரை அளந்தது என்பதையும் சேர்க்கிறேன். துணி விதானத்துக்கான பக்கத்தை இன்றே தொடங்குகிறேன்.