புதுப்பிப்பு: பிரிட்ஜ் வழக்கு, வக்கீல் இல்லாமல்

வாங்கிய மூன்றே மாதத்தில் பிரிட்ஜ் படுத்துவிட்டது, கடைக்காரர் கையை விரித்துவிட்டார், நானே வாதாடலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

வாதாடலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை.

நேற்று முதல் வாய்தா. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள், மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோச்சு. நல்லவேளை, உள்ளே பேசியது இரண்டே நிமிடம்! பில், வாரண்டி அட்டை, நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது இவைதான் பேசின. மனு ஏற்கப்பட்டது.

இனி கடைக்காரர் 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாள் கிடைக்கும். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதுவரை பால் பக்கத்து வீட்டு பிரிட்ஜில்தான்.