ஆஃப்டர்பர்னர் நெருப்புக்குள்ள வரிசையா தெரியுற உருண்டைங்க என்ன?

வான்நோக்கி:
எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உளவு விமானத்தோட இன்ஜினை டெஸ்ட் பண்ற போட்டோ ஒண்ணு பாத்தேன், பின்னாடி ஆஃப்டர்பர்னர்ல (வெளிய போற கேஸ்ல இன்னும் எரிபொருள் ஊத்தி எரிக்கிற பகுதி) இருந்து வர்ற நெருப்புக்குள்ள கோத்து வச்ச மணி மாதிரி பளிச்சு பளிச்சுனு உருண்டை தெரியுது. வீடியோலயும் அசையாம அதே இடத்துல நிக்குது. கேஸ் அவ்ளோ வேகமா போறப்ப இது மட்டும் எப்படி நிக்கும்?

மதுரைக்காரன்:
ஃப்ளைட்டு சவுண்ட் ஸ்பீடை தாண்டுறப்ப வர்றதுதானே அது?

நாசில்_பித்தன்:
இல்லங்க, ஃப்ளைட்டு ஓடணும்னே அவசியம் இல்ல, தரையில கட்டி வச்சு இன்ஜினை ஓட்டுனாலும் வரும். வெளிய வர்ற கேஸ்தான் ஒலியை விட வேகமா இருக்கணும். பேரு ஷாக் டைமண்ட். நாசில் (கேஸை வெளிய விடுற குழாய்) வாயில கேஸோட பிரஷரும் வெளிக்காத்து பிரஷரும் ஒண்ணா இல்லன்னா வம்பு ஆரம்பிக்கும், கேஸ் பிரஷர் கம்மின்னு வைங்க, வெளிக்காத்து அமுக்கும், சாய்வா ஷாக் வேவ் (பிரஷர் திடீர்னு எகிறுற மெல்லிய அலை) உள்ள பாயும், அதுல பிரஷர் தேவைக்கு மேல ஏறிடும், உடனே கேஸ் விரியும், விரிஞ்சதுல அளவுக்கு மீறி இறங்கிடும், திரும்ப அமுக்கும், இப்படியே போய்ட்டே இருக்கும். கேஸ் ஓடிட்டேதான் இருக்கு, ஆனா அமுங்குற இடமும் விரியுற இடமும் மாறாது, அதான் நிக்குற மாதிரி தெரியுது. அமுங்குற இடத்துல சூடு திடீர்னு ஏறும், ஆஃப்டர்பர்னர்ல எரியாம மிஞ்சின எரிபொருள் அங்க பத்திக்கும், அந்த வெளிச்சம்தான் நீங்க பாத்த உருண்டை. போகப்போக ஓரத்துல வெளிக்காத்து கலந்து மங்கிடும்.

வான்நோக்கி:
அப்போ சாட்டர்ன் 5 ராக்கெட்ல ஏன் தெரியல?

கிரயோ_ரசிகை:
அதோட எஃப்-1 இன்ஜின் கெரோசின்ல ஓடுச்சு, கரி தகதகன்னு எரியுறதுல உள்ள நடக்குறது எதுவும் கண்ணுக்கு தெரியாது. ஸ்பேஸ் ஷட்டில் வீடியோவ பாருங்க, ஹைட்ரஜன் இன்ஜின், நெருப்பு கண்ணாடி மாதிரி தெளிவு. கிளம்புறதுக்கு 6.6 செகண்ட் முன்னாடியே மூணு இன்ஜினும் பத்திக்கும், பக்கத்து பூஸ்டர் பத்துறதுக்குள்ள ஒவ்வொரு நாசிலுக்கு கீழயும் வட்டமா பளிச்சுனு ஒரு தட்டு தெரியும், அது மாக் டிஸ்க், அதாவது கேஸுக்கு நேர் குறுக்கா நிக்குற ஷாக் வேவ். அந்த நாசில் காத்தே இல்லாத உயரம் வரைக்கும் வேலை செய்யணும்னு பெருசா வச்சிருக்காங்க, அதனால தரையில வெளிக்காத்து நல்லா அமுக்குது. மேல போகப்போக அமுக்க காத்து இல்ல, நெருப்பு குடை மாதிரி விரிஞ்சிடும்.

நாசில்_பித்தன்:
சூப்பரா சொன்னீங்க. இதுக்கு நெருப்பே வேணாம், 1880கள் கடைசிலயே ஃபியூமே ஊர்ல (இப்போ குரோஷியாவுல இருக்குற ரியெக்கா) இருந்த டார்பிடோ ஃபேக்டரியில பீட்டர் சால்ஷர்ங்கிற இயற்பியலாளர் வெறும் அழுத்தின காத்தை சின்ன ஓட்டை வழியா விட்டு இதே மாதிரி வரிசையை போட்டோ எடுத்திருக்காரு.