போர்ட்டிங் = தளப்பெயர்ப்பு? ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: பேக்கப், மைக்ரேஷன், போர்ட்டிங் எல்லாவற்றுக்கும் காப்புநகல், நகர்த்தல் என்ற இரண்டு சொல்லே போதுமே.

போதாது ஐயா. போர்ட்டிங் என்பது ஓர் இயங்குதளத்துக்கென எழுதிய நிரலை வேறொன்றில் ஓடும்படி மாற்றித் தருவது. பட்டுத்தான் சொல்கிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எங்கள் வட்டாரத்தில் மூத்தோர் சிலரின் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவிக் கொடுத்தோம். அதற்கு முன் நான் ஒரு தமிழ்க் குறிப்பு அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். ‘உங்கள் கோப்புகளையும் நிரல்களையும் காப்புநகல் எடுத்து வையுங்கள்’ என்று அதில் ஒரு வரி. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அதை அப்படியே செய்தார். தம் தட்டச்சு மென்பொருள் இருந்த கோப்புறையை முழுசாக பென் டிரைவில் எடுத்து வந்தார். உபுண்டுவில் அது திறக்கவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தப்பு அவருடையதல்ல, நான் எழுதிய வரியுடையது.

கோப்பை நகலெடுத்தால் கோப்பு வந்துவிடும். நிரல் அப்படி வராது. விண்டோஸ் நிரல் பிஇ வடிவத்தில் இருக்கிறது, லினக்ஸ் நிரல் இஎல்எஃப், மேக் நிரல் மாக்-ஓ. ஒன்றின் அமைப்பு மற்றொன்றுக்குப் புரியாது. வடிவம் மட்டுமா? கோப்பைத் திற, திரையில் வரை என்று நிரல் இயங்குதளத்தைக் கூப்பிடும் முறையே ஒவ்வொன்றிலும் வேறு. போதாக்குறைக்கு விண்டோஸில் ஒரு நிரலின் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் பதிவேட்டில் கொஞ்சம், பயனர் கோப்புறையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அதனால் இன்னொரு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோனால்கூட பெரும்பாலும் மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மிக்சியைக் கொண்டு வந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். ஆனால் அங்கே உருண்டை முள், இங்கே பட்டை முள். மிக்சி வந்து சேர்ந்தது, சுவரில் ஏறவில்லை. அடாப்டர் வைத்து ஓட்டலாம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் (Wine) என்ற மென்பொருள் செய்வது ஏறத்தாழ அந்த வேலை. இல்லையென்றால் பிளக்கையே மாற்ற வேண்டும். நிரலை எழுதியவர்கள் மூலநிரலைத் திருத்தி, வேறு இயங்குதளத்துக்கென்று மறுபடி தொகுத்து (கம்பைல் செய்து) தருவதுதான் போர்ட்டிங். லிப்ரே ஆபிஸும் ஃபயர்பாக்ஸும் மூன்றிலும் கிடைப்பது அப்படித்தான்.

இதற்குத்தான் ‘தளப்பெயர்ப்பு’ என்று கேட்கிறேன். பெயர்த்தல் நம்மிடம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் வினை. நாற்றைப் பெயர்த்து நடுகிறோம். மொழிபெயர்த்தல் தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பில் மொழி மாறுகிறது, சொல்ல வந்தது நிற்கிறது. தளப்பெயர்ப்பில் இயங்குதளம் மாறுகிறது, நிரல் செய்யும் வேலை நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் போலவே இதற்கும் ஓர் ஆள் உட்கார்ந்து உழைக்க வேண்டும் என்பதையும் சொல் காட்டிவிடுகிறது. ‘நகர்த்தல்’ அதைக் காட்டாது. மேசையை நகர்த்துவது போல ஒலிக்கிறது. அதை மைக்ரேஷனுக்கு, அதாவது ஒரே இயங்குதளத்தில் கணினி விட்டுக் கணினி போவதற்கு, வைத்துக்கொள்ளலாம். ‘இடப்பெயர்ப்பு’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

‘தளம் பெயர்ந்தது என்றால் தரை ஓடு பெயர்ந்தது என்று ஆகாதா?’ என்று என் மனைவி கேட்டார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓடு பெயர்ந்து எழும்பிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் பெயர்வது வேறு, பெயர்ப்பது வேறு. ‘இந்தச் செயலிக்கு லினக்ஸ் தளப்பெயர்ப்பு வந்துவிட்டதா?’ என்று கேட்டால் யாரும் தரையைப் பார்க்க மாட்டார்கள். (செயலி என்பதை ஆப்புக்கும் பிராசஸருக்கும் சேர்த்தே வைத்திருக்கிறோம். அது தனி வழக்கு, இன்னொரு நாள் பேசுவோம்.)

பேக்கப்புக்குக் காப்புநகலே இருக்கட்டும். பிரதி வடமொழி, ஆகவே நகல் என்பவர்கள் கவனிக்கவும்: நகல் அரபு வழி வந்த சொல். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘காப்புப்படி’. ஏடு செல்லரிக்கும் முன் படியெடுத்து வைத்தவர்கள் செய்தது பேக்கப்தானே. சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பழகிவிட்ட சொல்லைப் பிடுங்க மனமில்லை.

அப்புறம், ஆசிரியையின் வினாத்தாள்கள் திறந்தன, ஆனால் எழுத்தெல்லாம் குழம்பி வந்தது. பழைய எழுத்துருக் குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற பழைய ஏற்பாடு. 1997இல் இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாடு கூடியபோது பேசிய அதே சிக்கல். யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தோம். இதற்குக் ‘குறியாக்க மாற்றம்’ என்ற சொல் இருக்கிறது.

குறிப்பின் அந்த வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘கோப்புகளைக் காப்புநகல் எடுங்கள். நிரல்களின் பெயரை மட்டும் எழுதி வாருங்கள். தளப்பெயர்ப்பு இருக்கிறதா என்று பார்த்து நிறுவித் தருகிறோம்.’ அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மாற்றுச் சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து