சோங் மொழி ஒலிப்பதிவுகளை அளக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மொழியியல் முதுகலைக்காகத் தாய்லாந்தின் சிறுபான்மை மொழிகளில் ஒன்றான சோங் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சந்தபுரி, திராத் மாகாணங்களில் பேசப்படும் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி. கம்போடியாவின் கெமர் மொழிக்கு உறவு, தாய்லாந்தின் பெரும்பான்மை மொழியான தாய் (Thai) மொழிக்கு உறவில்லை. சரளமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஊர்க்காரர்கள் மகிதோல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தாய் எழுத்தை வைத்தே எழுத்துமுறை உருவாக்கி, பள்ளியிலும் கற்பித்தார்கள். மெச்ச வேண்டிய வேலை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். தாய் (Thai) மொழியில் ஐந்து தொனிகள், அதாவது சுருதியின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். சோங்கில் குரலின் தன்மையே பொருளை மாற்றும்: தெளிவான குரல், மூச்சு கலந்த குரல், இவை ஒவ்வொன்றிலும் கரகரத்து முடியும் வகை என மொத்தம் நான்கு. மூச்சோடு தொடங்கித் தொண்டை இறுகி முடிகிற நான்காவதுதான் பிராணனை வாங்குகிறது. ஒலியை அளக்கும் ப்ராட் (Praat) மென்பொருளில் முதல் இரண்டு ஹார்மோனிக்குகளின் (குரலின் அடிப்படை அதிர்வெண், அதன் இருமடங்கு) வலிமை வித்தியாசத்தை, அதாவது மூச்சுக் குரலில் கூடி, கரகரப்பில் குறையும் அளவை, உயிரொலி முழுவதற்கும் சராசரி எடுத்தால், தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று அடித்துவிட, தெளிவான குரல் மாதிரியே எண் வருகிறது! மூன்று துண்டாக வெட்டி அளந்தால் பரவாயில்லை. ஆனால் இ, உ வந்தால் முதல் ஃபார்மண்ட் (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண் பகுதி) குறுக்கே புகுந்து கணக்கைக் கெடுக்கிறது.

ஃபார்மண்ட் தாக்கத்தைத் திருத்தும் ப்ராட் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருந்தால் தர முடியுமா? பதிவில் விசிறிச் சத்தம் வேறு இருக்கிறது. அதை வடிகட்டினால் மூச்சொலியும் போய்விடுமோ?

அப்புறம், தாய் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். சொற்பட்டியலில் சில பக்கங்களைச் சரிபார்க்க வேண்டும்.