இறக்கை முனை உரசுவது எப்படி?

கேள்வி: முன்சக்கரம் மஞ்சள் கோட்டின் மீதே சென்றாலும், நிறுத்துமிடத்திற்குள் திரும்பும் விமானத்தின் இறக்கை பக்கத்து விமானத்தில் உரசிவிடுகிறதே, அது எப்படி நிகழ்கிறது?

பதில்: பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் முனை, திரும்பும்போது எதிர்பார்ப்பதைவிட வெளிப்புறமாக வீசி வருகிறது, பல பெரிய விமானங்களில் விமானியறையிலிருந்து அந்த முனையைப் பார்க்கவே முடியாது. நிறுத்துமிடத்தில் பக்கத்து விமானத்துடன் இருக்க வேண்டியதாகச் சர்வதேசத் தரநிலை கூறும் குறைந்தபட்ச இடைவெளி ஏர்பஸ் ஏ320 வகைக்கு 4.5 மீட்டர், போயிங் 777க்கு 7.5 மீட்டர். பக்கத்து விமானம் தன் கோட்டில் சரியாக நின்றிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மற்றொருவர்: ஆகவேதான் நெரிசலான இடங்களில் இறக்கை முனையருகே ஒருவர் நடந்து வருகிறார். முன்னால் நின்று சைகையால் வழிகாட்டுபவர் கண்ணில் படாவிட்டால் விமானி நின்றுவிட வேண்டும், ஊகித்து நகரக்கூடாது.

கேட்டவர்: நின்றவுடன் சரக்கு வண்டிகள் நெருங்கலாமா?

பதில்: கூடாது. இயந்திரங்கள் அடங்கி, வயிற்றுப்புறத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கு அணைந்து, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கும்வரை விலகியே நிற்க வேண்டும். அவசரம் பெரும்பாலும் இங்கேதான் தலைகாட்டுகிறது.